ஜெர்மனியில பெயிண்ட்பால் கன்னை ட்ரெயின்ல எடுத்துட்டுப் போலாமா?

கேள்வி:
வணக்கம் மக்களே, நான் ஆகன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ரூம்மேட்ஸோட அடிக்கடி பெயிண்ட்பால் போறோம், ஒவ்வொரு தடவையும் வாடகை கட்டி கட்டி கடுப்பாகுது, சொந்தமா ஒரு மார்க்கர் (பெயிண்ட் குண்டு சுடற கன்) வாங்கிடலாம்னு இருக்கேன். அமெரிக்காவுல இருக்கற கசின் அடுத்த மாசம் வர்றான், அங்க விலை கம்மி, நானே எடுத்துட்டு வர்றேங்கறான். லைசென்ஸ் வேணுமா? ஃபீல்டுக்கு ட்ரெயின்லதான் போகணும். வீட்டுக்குப் பின்னாடி காடு இருக்கு, அங்க சுட்டுப் பழகலாமா?

பதில் 1:
18 வயசு ஆயிருந்தா போதும் ப்ரோ, லைசென்ஸ்லாம் கேக்க மாட்டாங்க. பேக்ல போட்டுட்டு தைரியமா போங்க.

பதில் 2:
மேல சொன்னது பாதிதான் சரி, அதை நம்பிப் போனா மாட்டிப்பீங்க. 18 வயசுல லைசென்ஸ் இல்லாம வாங்கலாம்ங்கறது, ஐங்கோணக் கட்டத்துக்குள்ள F எழுத்து பொறிச்ச மார்க்கருக்கு மட்டும். அதோட பவர் 7.5 ஜூலுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அமெரிக்க மார்க்கர்ல அந்தக் குறி இருக்காது, அங்க செகண்டுக்கு 280, 300 அடி வேகத்துல சுடுவாங்க, அது 10 ஜூலைத் தாண்டிடும், இங்க ஃபீல்டுல 214 அடிதான். F இல்லாததை இங்க வச்சிருக்கணும்னா ஆயுத பெர்மிட் வேணும், அதனால கசின் கிட்ட தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க.

வாங்கறது வேற, வெளிய கையில வச்சுக்கறது வேற. ரோட்டுல, ஸ்டேஷன்ல, ட்ரெயின்ல எங்கயும் எடுத்த உடனே சுடற மாதிரி இருக்கக் கூடாது. ஹாப்பரை (குண்டு போடற டப்பா) கழட்டி, ஏர் டேங்கைத் தனியா எடுத்து, பேரலுக்குக் கவர் மாட்டி, பெட்டியில வச்சுப் பூட்டுங்க. வெறும் ஜிப் பத்தாது, ரெண்டு ஜிப்பையும் சேத்து ஒரு சின்னப் பூட்டு போட்டா கூடப் போதும். வீட்டுலயும் பூட்டிதான் வைக்கணும். காட்டுல சுடறது கண்டிப்பா கூடாது. வேலி போட்ட தனியார் இடம், ஓனர் சம்மதம், குண்டு எல்லையைத் தாண்டாது, இந்த மூணும் இருந்தாதான். இதெல்லாம் ஃபைனோட முடியாம கிரிமினல் கேஸாவே போகலாம், ஸ்டூடண்ட் விசாவுல இருக்கறவங்களுக்கு அது தேவையா?

கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா, கசினுக்கு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன். F குறி போட்டதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

பதில் 3:
வாங்கலாம் தம்பி, ஆனா உள்ள ஏதாவது மாத்தி பவரை ஏத்தியிருந்தா குறி இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஃபீல்டுல வேகம் அளக்கற மெஷின் இருக்கும், அங்கயே சுட்டுப் பாத்துட்டு காசு குடு. நெஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கற மாடல் பக்கம் போகாத, அதை வெளிய வச்சிருந்தாலே 10,000 யூரோ வரைக்கும் ஃபைன் போடலாம். இங்க 2009-ல வின்னென்டென் ஸ்கூல் துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் பெயிண்ட்பாலையே மொத்தமா தடை பண்ணப் பாத்தாங்க, பெரிய எதிர்ப்பு வந்துதான் கைவிட்டாங்க. நாலு பேர் பார்க்குல கன்னைத் தூக்கிக் காட்டினா அந்தப் பேச்சு திரும்ப வரும், ஒழுங்கா ஆடற எல்லாருக்கும் அதுதான் நஷ்டம்.