ஆந்தூரியத்தில் வெள்ளைப் பஞ்சு, அறைக்குள் குளோரின்

சேலம், அழகாபுரத்திலிருந்து:

போன மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போய்விட்டு இறங்கும்போது ஒரு நர்சரியில் இரண்டு ஆந்தூரியம் வாங்கினேன். மாடியில் ஒரு சின்ன அறையைச் செடிகளுக்கென்றே வைத்திருக்கிறேன். நாலு எல்.இ.டி. டியூப், கீழே தண்ணீர்த் தட்டு, வெயில் இறங்காமல் ஜன்னலில் தெர்மாகோல். வாங்கி வந்த செடிகளை அன்று இரவே மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன். அதுதான் பெரிய தப்பு.

முதலில் எறும்பைத்தான் பார்த்தேன். வாசற்படியில் எறும்புப் பொடி தூவிவிட்டு மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சாற்றை உறிஞ்சிவிட்டு அது வெளியேற்றும் தேன்போன்ற கழிவைத் தின்னத்தான் எறும்பு வருகிறது. எதிரிப் பூச்சிகளை அண்டவிடாமல் காவலும் காக்கிறது. அன்றைக்கே எறும்பு எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் இரண்டு தொட்டியோடு முடிந்திருக்கும். நான் பார்த்தபோது ஒன்பதுக்குப் பரவியிருந்தது.

காது குடையும் பஞ்சுக்குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். மேலே இருக்கும் மெழுகு கரைந்து பூச்சி செத்துவிடும். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, விளக்கை அணைத்தபிறகு தெளித்தேன். விளக்கு எரியும்போது தெளித்தால் இலை கருகிவிடும். முட்டைகள் பஞ்சுக்குள் இருப்பதால் ஒரே தெளிப்பில் போகாது. வாரம் ஒருமுறை, நாலு வாரம் விடாமல் செய்தேன். தொட்டியின் அடியையும் விளிம்பையும் கூடப் பார்க்க வேண்டும், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். செடிகளை வெளியே எடுத்துவிட்டுத் தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினேன். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், தட்டு வைத்த இடமெல்லாம் வெள்ளைக் கறை. அது போகட்டுமென்று, ஈரம் காய்வதற்குள் பாத்ரூம் ஆசிடை ஊற்றிக் குத்தவைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் நிற்கும். என் முகமும் அங்கேதான் இருந்தது. தொண்டை எரிந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னலோ தெர்மாகோலால் அடைத்துக் கிடக்கிறது. எப்படியோ கதவைப் பிடித்து வெளியே வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். வாளியை எடுக்கப் போன வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டரிடம் காட்டியும் இருமல் நிற்க மூன்று நாளாயிற்று. தயவுசெய்து இந்த இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து:

படிக்கவே பதறுகிறது அக்கா. இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் உங்கள் வெயில் கிடையாது, ஆனால் மூடுபனி நாளில் அறைக்குள் எதுவுமே காயாது. தேங்காய்நார்க் கழிவு நனைந்தே இருந்ததால் கொசு மாதிரி கறுப்பு ஈ மொய்த்தது. பறப்பது செடியைக் கடிக்காது. மண்ணுக்குள் இருக்கும் புழுதான் வேரைத் தின்கிறது. ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை வைத்தேன், குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்தது. மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாமல் இருந்த பிறகுதான் அடங்கியது.

ஏத்தாப்பூர் பக்கத்திலிருந்து:

மாவுப்பூச்சி என்றாலே எங்களுக்கு மரவள்ளிதான் ஞாபகம். 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இங்கே வந்து குருத்தையெல்லாம் சுருட்டிவிட்டது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியை வரவழைத்து, 2022-ல் எங்கள் ஊர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும். அதைப் பிடித்து வந்து அறையில் விடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது மரவள்ளிப் பூச்சியைத்தான் தேடும், ஆந்தூரியத்துக்கு உதவாது. உங்கள் பஞ்சுக்குச்சிதான் சரி.

மீண்டும் அழகாபுரத்திலிருந்து:

தெர்மாகோலைப் பிய்த்துவிட்டு, திறந்து மூடுகிற மாதிரி நிழல்வலைச் சட்டம் போட்டுவிட்டேன். புதுச் செடி எது வந்தாலும் மூன்று வாரம் மாடிப்படிக்குக் கீழேதான். நேற்றுகூட ஒரு பெகோனியா வந்தது, அங்கேதான் இருக்கிறது. இதுவரை எறும்பு வரவில்லை.