25ஆம் தேதி கோயம்பேட்டுக் கூட்டம்: யார் தப்பு?

மதுரவாயல் கடைக்காரன்
10 மே 2020, காலை 11.20

எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் நேற்று ஒருவர் எழுதினார்: “ஏப்ரல் 25 அன்று கோயம்பேடு காய்கறிச் சந்தைக்கு ஓடிய அறிவுகெட்ட கூட்டம்தான் கொரோனாவைப் பரப்பிச் சென்னையையே நாசம் செய்தது.” அந்த அறிவுகெட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். குழுவில் வாயை மூடிக்கொண்டேன், இங்கே சொல்கிறேன்.

எனக்குப் பத்துக்கு எட்டில் ஒரு காய்கறிக் கடை. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு விற்பதுதான் பிழைப்பு. குளிர்சாதன அறையெல்லாம் கிடையாது, ஈரச் சாக்குதான். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை டிவியில் சொன்னார்கள்: ஞாயிறு காலை 6 மணியிலிருந்து புதன் இரவு 9 மணி வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. அன்று மாலைக்குள் கடையில் இஞ்சித் துண்டுகூட மிச்சமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேலும் போன். “தம்பி, நாளைக்கு எனக்கு 3 கிலோ தக்காளி எடுத்து வை.” கேட்டது முன்பின் தெரியாதவர்கள் இல்லை, பத்து வருஷமாக என்னிடம் வாங்குகிறவர்கள்.

ராத்திரி 2 மணிக்கு நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை பேசிப் போனோம். உள்ளே நடக்க இடமில்லை. முகத்தில் கர்சீப் கட்டியிருந்தேன், மூன்றாவது மண்டியிலேயே கழுத்துக்கு இறக்கிவிட்டேன். அந்த இரைச்சலில் வாயைத் திறந்து கத்தாமல் விலை பேச முடியாது. பிறகு கணக்கு. மண்டிக்காரர் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு நோட்டை எண்ணினார். பார்த்துக்கொண்டேதான் நின்றேன். மீதியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன், வேறென்ன செய்வது?

யார் தப்பு என்று சொல்லுங்கள்.

நங்கநல்லூர் ஓய்வூதியர்
10 மே, பகல் 12.05

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அன்று வந்த அறிவிப்பை முழுதாகப் படித்தீர்களா? அந்த நாலு நாளிலும் நிபந்தனைகளோடு கோயம்பேடு சந்தை இயங்கும், நடமாடும் வண்டிகளில் காய்கறி, பழம் விற்கலாம் என்று அதிலேயே இருந்தது. யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. நாலு நாள் பருப்பும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டால் உயிர் போகாது. நம் அம்மாக்கள் மழைக்காலத்தில் வற்றல் போட்டுச் சமாளித்தவர்கள்.

வியாபாரிகள் சங்கங்களும் குற்றவாளிகளே. சந்தையைப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் கூப்பிட்டுப் பேசியபோது முடியாது என்றவர்கள் யார்? திருச்சியில் காந்தி மார்க்கெட்டைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றவில்லையா? வானம் இடிந்து விழுந்துவிட்டதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறை ஆட்டோவில் ஏற்றும்போதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. உங்கள் 3 கிலோ தக்காளிக்கு அவள் விலை கொடுக்க வேண்டுமா?

மதுரவாயல் கடைக்காரன்
10 மே, பகல் 12.40

அம்மா நல்லபடியாக இருக்க வேண்டும் சார். அதில் வாதம் இல்லை.

ஆனால் நடமாடும் வண்டிக்குக் காய் எங்கிருந்து வரும்? வண்டிக்காரனும் அதே 2 மணிக்கு அதே கோயம்பேட்டுக்குத்தான் வரவேண்டும். அன்று எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப்பேர் தள்ளுவண்டிக்காரர்கள். நாலு நாள் கடை மூடல் என்று சொன்ன பிறகு, “ஆனால் வண்டி வரும்” என்று சொன்னது யார் காதில் விழும்?

ஆயுள்காப்பு விளக்கு
10 மே, பகல் 12.52

வீணாக அடித்துக்கொள்கிறீர்கள். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றினோம், நல்ல அதிர்வு பரவியது. இப்போது கத்திரி வெயில் வேறு. வெயிலில் கிருமி தானாகச் செத்துவிடும். கபசுரக் குடிநீர் குடித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஆய்வுக்கூடத்தான்
10 மே, பகல் 1.30

அக்னி நட்சத்திரம் பிறந்தது மே 4. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 527 பேருக்குத் தொற்று உறுதியானதும் அதே மே 4. வெயில் அதன் வேலையைப் பார்க்கிறது, கிருமி அதன் வேலையைப் பார்க்கிறது. கபசுரம் குடியுங்கள், நான் தடுக்கவில்லை, முகக்கவசத்தையும் கழற்றாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், எந்தக் கூடம் என்பது வேண்டாம். இந்த 25ஆம் தேதிக் கதையை எல்லாரும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எனக்கு இடிக்கிறது.

மாநிலக் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் 30 வரை மொத்தம் 2,323. அடுத்த நாலு நாளில் 203, 231, 266, 527. மே 4 அன்று மொத்தம் 3,550. இதைப் பார்த்தவுடன் “25ஆம் தேதி கூடினார்கள், பத்து நாளில் வெடித்தது” என்று கோடு போடத் தோன்றும். ஆனால் முடிவு வந்த தேதி வேறு, தொற்றிய தேதி வேறு. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய சராசரியாக 5, 6 நாள், சிலருக்கு 14 நாள் வரைகூட ஆகும். அதன் பிறகு மாதிரி எடுப்பது, அது கூடத்துக்கு வருவது, பிசிஆர் எந்திரத்தில் ஏறுவது. எங்கள் மேஜையில் அடுக்கடுக்காகக் குழாய்கள் காத்துக்கிடக்கின்றன.

சந்தையோடு தொடர்புடையவர்களுக்குத் தொற்று என்று செய்தி வரத் தொடங்கியது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே. அப்படியென்றால் 25க்கு முன்பே கிருமி உள்ளே வந்தாயிற்று. அந்தக் கூட்டம் எரிகிற அடுப்பில் விறகு வைத்திருக்கலாம். அடுப்பைப் பற்றவைத்தது அதுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இன்னொன்று, மே முதல் வாரத்தில் கோயம்பேட்டுக்காரர்களைத் தேடித்தேடிச் சோதித்தார்கள். தேடிய இடத்தில்தானே கிடைக்கும்?

நங்கநல்லூர் ஓய்வூதியர்
10 மே, பகல் 2.15

தம்பி, அப்படியானால் கோயம்பேடுதான் காரணம் என்று அரசு சொன்னது பொய்யா? நான் வங்கியில் 34 வருஷம் கணக்குப் பார்த்தவன். 161ஆக இருந்த தினசரி எண்ணிக்கை நாலே நாளில் 527 ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

ஆய்வுக்கூடத்தான்
10 மே, பகல் 2.28

காரணம் இருக்கிறது சார். ஒரே ஒரு நாளைக் காரணமாகக் காட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். 295 ஏக்கர், 3 ஆயிரத்துக்கு மேல் கடைகள். மார்ச் 25இலிருந்து ஊரே அடங்கிக் கிடந்தபோதும் அங்கே தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம். அதை யாரும் செல்போனில் படம் பிடித்துப் போடவில்லை. 25ஆம் தேதிக்குப் படம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செந்துறைக்காரன்
10 மே, மாலை 4.50

அரியலூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமா கோயம்பேட்டில் லோடுமேன், 20 வருஷமாக. சந்தையை மூடும் பேச்சு வந்ததும், காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் 18 பேர். பஸ் இல்லை, ரயில் இல்லை, தங்கியிருந்த இடமே சந்தைதான், அதையும் மூடினால் எங்கே படுப்பார்?

ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் என் சித்தப்பாவும் உண்டு. மாமாவை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மூட்டை தூக்குகிற உடம்பு. சோதித்தால் பாசிட்டிவ். “எனக்கு ஒன்றுமே இல்லையே, வேறு யார் சீட்டையோ என் பெயரில் எழுதிவிட்டார்கள்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கே இப்போது “கோயம்பேட்டுக்காரன்” என்பது கெட்ட வார்த்தை. என் அத்தை தெருக் குழாய்க்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறார்கள். அத்தை சென்னையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நங்கநல்லூர் சார், உங்கள் குற்றவாளிப் பட்டியலில் என் மாமா எங்கே வருகிறார்?

நங்கநல்லூர் ஓய்வூதியர்
10 மே, மாலை 5.30

உங்கள் மாமாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவரை அங்கே வைத்து வேலை வாங்கியவர்கள் அவருக்குத் தங்க இடமும் பரிசோதனையும் கொடுத்திருக்க வேண்டும். தேவையே இல்லாமல் கூடுபவர்களைத்தான் சொல்கிறேன். மே 7 அன்று மதுக்கடை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தீர்களா? அதுவும் வயிற்றுப் பசியா? சென்னையில் திறக்காத அந்த ஒரு விஷயத்துக்காகத் தெய்வத்துக்கு நன்றி சொன்னேன். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. நீதிமன்றத்துக்குத் தெரிந்தது ஜனங்களுக்குத் தெரியவில்லையே.

மதுரவாயல் கடைக்காரன்
10 மே, மாலை 6.10

நீங்களே என் வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் சார். மூன்று தடவை ஒரே கதைதான். மார்ச் 24 மாலை 6 மணியிலிருந்து 144 தடை உத்தரவு என்றார்கள், அதற்கு முந்தைய ராத்திரி கோயம்பேடு பஸ் நிலையத்தில் எள் போட்டால் விழாது. ஏப்ரல் 26இலிருந்து முழு ஊரடங்கு என்றார்கள், 25 அன்று சந்தையில் அதே கூட்டம். 40 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்ததை மே 7 அன்று திறந்தார்கள், அங்கேயும் கூட்டம். ஒருமுறை என்றால் ஜனங்கள் முட்டாள் எனலாம். மூன்று முறையும் அப்படியே நடந்தால்? கூட்டம் வரும் என்று தெரிந்ததால்தானே 25 அன்று கடைகளைப் பகல் 3 மணி வரை திறக்கச் சொன்னார்கள்!

அடுப்பங்கரை
10 மே, இரவு 8.45

சாப்பாட்டுக்கடை முடிந்து இப்போதுதான் படித்தேன். ஆண்கள் எல்லாரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள்.

நங்கநல்லூர் சார், ஒரே ஒரு கேள்வி. 25ஆம் தேதி உங்கள் வீட்டில் காய் வாங்கினீர்களா, இல்லையா?

நான் வாங்கினேன். வெங்காயம் 4 கிலோ, உருளை 2 கிலோ, வாழைக்காய், பச்சை மிளகாய். சுண்ணாம்பில் வரைந்த வட்டத்துக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வட்டத்துக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு இன்னொரு வரிசை உருவாகிவிட்டது, அது வேறு கதை. வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், வேலை போன வீட்டுக்காரர். ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் இருந்தன. வற்றல் போட்டுச் சமாளிக்கலாம் என்கிறீர்களே, அந்த வற்றலைப் போட்டது யார் என்று உங்கள் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும்.

நங்கநல்லூர் ஓய்வூதியர்
11 மே, காலை 6.40

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆமாம் அம்மா, வாங்கினேன். பக்கத்துக் கடையில், சுரைக்காய், கோவைக்காய், கொஞ்சம் முட்டைக்கோஸ். மனைவிக்குப் பொட்டாசியம் குறைவான காய்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் பட்டியல் கொடுத்திருக்கிறார், பருப்பு ஊறுகாய் அவளுக்கு ஆகாது. அந்தக் கடைக்காரர் எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

ஆனாலும் சந்தையை முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. இப்போது திருமழிசையில் போடுகிறார்களே, அதை ஏப்ரல் தொடக்கத்தில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

மதுரவாயல் கடைக்காரன்
11 மே, காலை 7.15

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு 1996இல் மாறியபோதும் “பிழைப்பு போச்சு” என்று இதே வாதம்தான் நடந்ததாம், அப்பா சொல்வார். எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருமழிசைக்கும் போயிருப்பேன், டீசல் காசு கூடுதல், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தான்
11 மே, காலை 7.40

கடைக்கார அண்ணே, ஒன்று கேட்க மறந்தேன். நீங்கள் 25ஆம் தேதியோடு நிறுத்தவில்லையே? மே 5ஆம் தேதி சந்தையை மூடும்வரை போனீர்கள்தானே? பரிசோதனை செய்தீர்களா?

மதுரவாயல் கடைக்காரன்
11 மே, காலை 8.05

இல்லை. ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். போய்ச் சொன்னால் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய் என்பார். இப்போதே பாதி வாடிக்கை வரவில்லை.

செந்துறைக்காரன்
11 மே, காலை 8.20

அண்ணே, என் மாமாவும் நன்றாகத்தான் இருந்தார்.

மதுரவாயல் கடைக்காரன்
12 மே, மாலை 3.30

கொடுத்துவிட்டு வந்தேன். மூக்குக்குள் குச்சியை விட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்குப் பின்னால் நின்றவர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்ட வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். முடிவு வர இரண்டு, மூன்று நாள் என்றார்கள். ஷட்டரை இறக்கிவிட்டேன். உள்ளே 6 கிலோ தக்காளியும் ஒரு பூசணியும் கிடக்கின்றன. பூசணி தாங்கும்.