ஓட்டத்தில் 172, நீச்சலில் வெற்றுக்கோடு: கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

உப்புக்காற்று (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்காக ஏழு மாதங்களாகப் பயிற்சி செய்து வருகிறேன், வயது 41. கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால், வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்தே பயிற்சி செய்யும்படி பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அந்தத் துடிப்பைத்தான் என் கடிகாரத்தை நம்பிப் பார்க்க முடியவில்லை.

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் மெதுவாக ஓடத் தொடங்கினால், ஐந்தே நிமிடத்தில் 172 என்று காட்டுகிறது. அப்போது நான் உடன் ஓடும் நண்பரிடம் வீட்டு விஷயம் பேசிக்கொண்டு வருகிறேன்; மூச்சு வாங்குவதே இல்லை. கால் மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே 138-க்கு இறங்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை சைக்கிள் மிதிக்கும்போது 95-க்கும் 140-க்கும் இடையே தாவுகிறது. துடிப்பை மார்பிலிருந்தே அளந்து கடிகாரத்துக்கு அனுப்பும் மார்புப் பட்டையை நண்பரிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்கினேன். முழு நீச்சலுக்கும் வரைபடத்தில் வெற்றுக்கோடுதான் இருந்தது.

கடிகாரம் பழையது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பதிவில் அடுத்தடுத்துப் பதியும் ட்ரையத்லான் முறையும் அதில் இல்லை. கார்மின் ஃபோர்ரன்னர் 265, கோரோஸ் பேஸ் 3, போலார் வான்டேஜ் வி3 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இவற்றில் எதை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்?

பழைய பெடல் (பதில்)

வணக்கம் நண்பரே. மூன்றில் எதை வாங்கினாலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீராது என்பதைத் தயக்கத்துடன் சொல்கிறேன். தாங்கள் விவரித்தவை மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றும் சென்சார் வேலை செய்யும் விதத்திலிருந்து வருபவை.

முதலில் அந்த 172. மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் கை குலுங்குவதால் அதுவும் ஒரு சீரான அலையாகப் பதிவாகிறது. அதிகாலையில் உடல் சூடேறாமல், தோலில் இரத்த ஓட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில், கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 170 அடி என்பது ஓடுபவர்களுக்கு வெகு சாதாரணமான எண். தங்கள் பதிவில் காலடி எண்ணிக்கையின் கோட்டையும் துடிப்பின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் கால் மணி நேரம் இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. 172 காட்டும்போது சட்டென்று நின்றுவிடுங்கள். மெய்யான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். காலடியை எண்ணிய கடிகாரமாக இருந்தால் எண் மளமளவென்று சரியும், அல்லது தடுமாறி நிற்கும். அதே நேரத்தில் கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்தக் கணக்கும் 170-ஐத் தொட்டால், அல்லது படபடப்போ தலைசுற்றலோ இருந்தால், கடிகாரத்தை மறந்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிளில் நடப்பது வேறு. கைப்பிடியை இறுகப் பிடித்து மணிக்கட்டை வளைப்பதால் கடிகாரத்துக்கும் தோலுக்கும் இடையே சந்து விழுகிறது. சாலையின் அதிர்வும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே ஏற்றி, சற்று இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகும், முழுதாக ஆகாது.

நீச்சலில் வந்த வெற்றுக்கோட்டுக்குப் பட்டையைக் குறை சொல்ல முடியாது. பட்டையும் கடிகாரமும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் வழிகளான புளூடூத்தும் ஆன்ட் பிளஸ்ஸும் (ANT+) 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். மார்பிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு முழ தூரம்கூட அது போய்ச் சேராது. பழைய போலார் கருவிகள் 5 கிலோஹெர்ட்ஸில் அனுப்பியதால் நீருக்குள்ளும் வேலை செய்தன. போலாரின் எச்10 பட்டை இன்றும் அந்த அலையை அனுப்புகிறது, ஆனால் 2014-இல் வந்த போலார் வி800 போல அதை வாங்கிக்கொள்ளும் கடிகாரம் இப்போது அரிது. கார்மின் வேறு வழி கண்டது: எச்.ஆர்.எம்.-ட்ரை, எச்.ஆர்.எம்.-புரோ ஆகிய பட்டைகள் நீச்சலின்போது துடிப்பைத் தமக்குள்ளேயே சேமித்து வைத்து, கரையேறியதும் கடிகாரத்துக்குக் கொடுக்கின்றன. இது அந்நிறுவனத்தின் கடிகாரத்தோடு மட்டும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

ஆகவே முதலில் ஒரு நல்ல மார்புப் பட்டையை வாங்கி, இருக்கும் கடிகாரத்தோடு இரண்டு வாரம் ஓடிப் பாருங்கள். மின்முனைகளைக் கட்டுவதற்கு முன் தண்ணீரால் நனைக்க மறக்காதீர்கள். காய்ந்த பட்டையும் முதல் பத்து நிமிடம் பொய் சொல்லும்.

உப்புக்காற்று

மிக்க நன்றி ஐயா. நேற்று ஓடிவிட்டு இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டேன். காலடி 171, துடிப்பு 172. பதின்மூன்றாவது நிமிடம் வரை இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே போகின்றன. கழுத்தில் எண்ணியதில் 33 வந்தது, அதாவது நிமிடத்துக்கு 132. ஆறு மாதமாக இந்த எண்ணைப் பார்த்து நடந்து நடந்து ஓடியிருக்கிறேன் என்பதை நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

பட்டையை வாங்கிவிடுகிறேன். ஆனாலும் போட்டி நாளுக்கு ட்ரையத்லான் முறை உள்ள கடிகாரம் வேண்டாமா? என் சைக்கிளில் இருக்கும், மிதிக்கும் விசையை வாட்டில் அளக்கும் பழைய பவர் மீட்டர் ஆன்ட் பிளஸ்ஸில் மட்டும் பேசும்.

மூன்றாவது லேப் (பதில்)

அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் பட்டியல் தானாகச் சுருங்கியிருக்கும், நண்பரே. போலார் கடிகாரங்களும் கோரோஸ் பேஸ் 3-உம் வெளிச் சென்சார்களைப் புளூடூத்தில்தான் ஏற்கும். தங்கள் பவர் மீட்டர் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. சூந்தோவும் ஆப்பிளும் அப்படியே. கார்மின் புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டையும் ஏற்கும். பவர் மீட்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 265, அல்லது அதற்கு முந்தைய 255 போதும். 255-இல் தொடுதிரை கிடையாது, ஐந்து பொத்தான்கள் மட்டும். ஈர விரலோடு சைக்கிளில் ஏறுகிறவருக்கு அதுதான் வசதி என்பது என் கருத்து. 245 மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். அதில் ட்ரையத்லான் முறையும் இல்லை, கடல் போன்ற திறந்த நீரில் நீந்துவதைப் பதியும் முறையும் இல்லை.

பேஸ் 3-ஐக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. நைலான் வாருடன் 30 கிராம்தான் எடை. கையில் கட்டியிருப்பதே மறந்துபோகும். புளூடூத் சென்சார் வைத்திருப்பவர் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். செயற்கைக்கோளின் இரண்டு அலைவரிசைகளையும் கேட்டு இடத்தைக் கணிக்கும் இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ்.ஸுக்காக மட்டும் யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்: உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது உதவும், போட்டி நடக்கும் கோவாவின் மீராமர் கடலில் ஒவ்வொரு வீச்சுக்கும் கை நீருக்குள் போகையில் எந்த அலைவரிசையும் அறுந்துதான் போகும்.

பழைய பெடல் சொன்னதில் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நீச்சலின் துடிப்புக்காகப் பட்டையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. கடலில் யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்? 100 மீட்டருக்கு எத்தனை வினாடி என்பதும் மூச்சும் போதும். குளத்தில் மேல்சட்டையில்லாமல் நீந்தினால், சுவரை உதைத்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பட்டை இடுப்புக்கு இறங்கும். ட்ரையத்லானுக்கான உடம்பை ஒட்டிய உடையான ட்ரை சூட்டுக்கு உள்ளே கட்டினால்தான் நிற்கும்.

பழைய பெடல்

ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்று: 220-இல் வயதைக் கழித்து 179 என்று வைத்து அதை உச்சத் துடிப்பாகக் கொண்டு, மூன்று விளையாட்டுக்கும் ஒரே மண்டலங்களை (பயிற்சியின் கடினத்துக்கு ஏற்ற துடிப்பு வரம்புகளை) போடாதீர்கள். அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். அதோடு, ஒரே உழைப்புக்கு ஓட்டத்தைவிடச் சைக்கிளில் துடிப்பு பொதுவாகக் குறைவாகவே இருக்கும், நீச்சலில் அதைவிடக் குறையும். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் தனித்தனியே முழுமூச்சுச் சோதனை செய்து, தனித்தனி மண்டலங்களைப் பதியுங்கள். கோவா வெயிலில் கடைசி பத்துக் கிலோமீட்டரில் வேகம் ஏறாமலேயே துடிப்பு ஏறும். அது சென்சாரின் பிழையாக இருக்காது, உடல் சூட்டை வெளியேற்றப் படும் பாடு.

உப்புக்காற்று

பட்டை வந்துவிட்டது. இன்று காலை ஓட்டம் முழுவதும் 128-க்கும் 137-க்கும் இடையே நின்றது. ஒரு மணி நேரத்தில் பட்டைக்குக் கீழே வேர்க்குரு மட்டும் கிளம்பிவிட்டது. கடிகாரத்துக்கு 255-ஐ முடிவு செய்திருக்கிறேன்.

மூன்றாவது லேப்

ஓடி முடித்ததும் பட்டையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு தங்கினால் வேர்க்குருவும் போகாது, பட்டையும் நெடுநாள் உழைக்காது. மின்முனையில் வாசலின் படக் கூடாது, ஓரத்தில் மட்டும் தடவலாம். போட்டியன்று நீரில் இறங்குவதற்கு முன் பொத்தான் பூட்டைப் போட்டுவிடுங்கள். கூட்டத்தில் யாரோ ஒருவரின் கை என் கடிகாரத்தில் பட்டு, நான் நீந்திக்கொண்டிருக்கும்போதே அது என்னைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது.