16 வயதுக்குப் பிறகு உதவித்தொகை: பெற்றோர் கணக்கிலா, பிள்ளை பேரிலா?

தென்றல்:
இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு 16 வயது ஆனதும் டிஎல்ஏ (குழந்தைகளுக்கான மாற்றுத்திறன் உதவித்தொகை) முடிந்து பிப் (16 வயது முதல் உள்ள மாற்றுத்திறன் உதவித்தொகை) வருகிறது. அதோடு பிள்ளை தன் பேரிலேயே யூனிவர்சல் கிரெடிட்டும் (வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவித்தொகை) கோர வேண்டும் என்பது என் நிலை. பிள்ளையின் கோரிக்கையில் பெற்றோரின் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். கல்லூரி தரும் 16–19 பர்சரியில் (படிப்புச் செலவுக்கான உதவி) ஆண்டுக்கு 1,200 பவுண்ட் வரை கிடைக்கும் பிரிவும் இருக்கிறது. பிப் மட்டும் இருந்தால் அதில் சேர முடியாது. யூனிவர்சல் கிரெடிட்டோ இஎஸ்ஏவோ (உடல்நலத்தால் வேலை செய்ய இயலாதோருக்கான தொகை) பிள்ளை பேரில் வர வேண்டும். பெற்றோர் கணக்கில் இருக்கும்வரை கல்லூரி தன் விருப்பப்படி தரும் சிறு தொகைதான்.

கணக்கர்:
தென்றல், 1,200 பவுண்டைக் காட்டி வீட்டு வருமானத்தில் கை வைக்கச் சொல்கிறீர்கள். பிள்ளை தன் பேரில் கோரினால் பெற்றோரின் யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான தொகையும், அதன்மேல் வரும் மாற்றுத்திறன் கூடுதல் தொகையும், தனியாக வரும் சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளை உதவித்தொகையும் நின்றுபோகும். 2025–26 விகிதத்தில், ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்கு மாதக் கணக்கு இது. பிள்ளைக்கான தொகை 339.00. பிப்பில் அன்றாட வாழ்க்கைப் பகுதி உயர் விகிதமாக இருந்தால் கூடுதல் தொகை 495.87. வாரம் 26.05 வீதம் சைல்ட் பெனிஃபிட் ஏறத்தாழ 112.88. மொத்தம் 947.75 பவுண்ட். பிள்ளைக்குத் தன் பேரில் கிடைப்பது அடிப்படை 316.98, வேலை செய்ய இயலாத நிலைக்கான உடல்நலப் பகுதி 423.27, ஆக 740.25. மாதம் 207 பவுண்ட் நஷ்டம். ஆண்டு பர்சரி முழுதாகக் கிடைத்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

தென்றல்:
உயர் விகிதத்துக்கு உங்கள் கணக்கு சரி. சாதாரண விகிதம் கிடைத்த பிள்ளைக்கு அதே கணக்கைப் போடுங்கள். கூடுதல் தொகை 158.76 ஆகக் குறையும், வீடு இழப்பது 610 பவுண்ட்தான். பிள்ளைக்கு வருவது 740. பெற்றோருக்கு வருமானம் அதிகமாகி யூனிவர்சல் கிரெடிட்டே வராத வீடுகளில் போவது சைல்ட் பெனிஃபிட் மட்டும். அந்த வீட்டுப் பிள்ளையை ஏன் தடுக்க வேண்டும்?

மதி:
இரண்டு பேரும் பணத்தைப் பேசுகிறீர்கள், வாசலைப் பேசவில்லை. முழுநேரம் படிப்பவருக்கு யூனிவர்சல் கிரெடிட் பொதுவாகக் கிடையாது. மாற்றுத்திறனாளி என்ற விலக்கில் நுழைய இரண்டு வேண்டும்: பிப் போன்ற தொகை, அதோடு வேலைத்திறன் மட்டுப்பட்டது என்ற முடிவு (எல்சிடபிள்யூ). 2021 டிசம்பர் 15 முதல் அந்த முடிவு படிப்பு தொடங்கும் நாளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியபின் அக்டோபரில் விண்ணப்பித்தால், பிள்ளையின் நிலை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மறுப்புக் கடிதம்தான் வரும். மனதைப் பதறவைக்கும் விதி, ஆனால் விதி அதுதான்.

வழி இருக்கிறது. பிள்ளை பேரில் நியூ ஸ்டைல் இஎஸ்ஏவை 'கிரெடிட்ஸ் மட்டும்' (பணமின்றிக் காப்பீட்டுப் பதிவு மட்டும்) என்று கேட்க வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகக் காப்பீட்டுச் சந்தா) கட்டாததால் பணம் வராது. ஆனால் வேலைத்திறன் மதிப்பீடு நடக்கும். பணம் வராததால் பெற்றோருக்கு வருவதும் குறையாது. தொலைபேசியில் பேசும் அலுவலர் "இன்சூரன்ஸ் பதிவு இல்லை, கோர முடியாது" என்று பல நேரம் திருப்பி அனுப்பிவிடுவார். பணம் வேண்டாம், கிரெடிட்ஸுக்கும் மதிப்பீட்டுக்கும்தான் கேட்கிறோம் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) ஃபிட் நோட் (வேலை செய்ய இயலாது என்ற சான்று) வாங்கி அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை இடைவெளி விடாமல் புதுப்பிக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் கோடைவரை காத்திருக்காதீர்கள். பள்ளியில் இருக்கும்போதே முடிவு வந்துவிட்டால், அதன்பின் தொடங்கும் புதிய படிப்புக்கு அது செல்லும்.

கணக்கர்:
மதி சொன்ன வழியை ஏற்கிறேன். ஆனால் முடிவு கையில் வந்தால் உடனே யூனிவர்சல் கிரெடிட் கோர வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்சிடபிள்யூ மட்டும் கிடைத்தால் கூடுதலாக ஒரு பென்ஸ் கூட இல்லை, வெறும் 316.98தான். 423.27 வருவது எல்சிடபிள்யூஆர்ஏ (வேலைக்கான ஆயத்தமும் செய்ய இயலாது என்ற) முடிவுக்கு மட்டுமே, அதுவும் பொதுவாக முதல் மூன்று மாதம் கழித்து. 2026 ஏப்ரல் முதல் புதிதாகச் சேருவோருக்கு அந்தத் தொகை ஏறத்தாழ 217 பவுண்டாகப் பாதியாகிறது; வாழ்நாள் முழுதும் நீடிக்கும் கடுமையான நிலை என்ற நிபந்தனைகளுக்குள் வருவோருக்கும், இறுதிக்கட்ட நோய் உள்ளவர்களுக்கும்தான் விலக்கு. பாதியானால் தென்றல் காட்டிய சாதாரண விகித வீட்டிலும் லாபம் நஷ்டமாகிவிடும்.

இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையின் பிப் இருப்பதால் பெற்றோருக்கு பெனிஃபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பு) விலக்கு இருக்கும். பிள்ளை தனியாகப் போனதும் அந்த விலக்கும் போகும். பெற்றோருக்குக் கேரர் தொகை (பராமரிப்பவருக்கான உதவி) வந்தால் தப்பிக்கலாம்.

தென்றல்:
அப்படியென்றால் 19 வயதில் என்ன செய்வீர்கள்? இஎச்சிபி (சிறப்புக் கல்வித் தேவைக்கான திட்ட ஆவணம்) 25 வயதுவரை நீளலாம், படிப்பும் நீளலாம். ஆனால் 19ஆவது பிறந்தநாளுக்குப் பின் வரும் ஆகஸ்ட் 31 அன்று பெற்றோர் கணக்கிலிருந்து பிள்ளைக்கான தொகை போய்விடும். சைல்ட் பெனிஃபிட்டும் 20 வயதோடு சரி. அந்த நேரத்தில் பிள்ளை மூன்று வருடப் படிப்பின் நடுவில் இருந்து, முன்கூட்டிய முடிவும் இல்லையென்றால், எஞ்சியிருப்பது பிப் மட்டும்.

மதி:
அதனால்தான் 'கோருவதா வேண்டாமா' என்பதையும் 'முடிவு வாங்குவதா' என்பதையும் பிரிக்கச் சொல்கிறேன். உயர் விகித பிப் உள்ள வீடு 19 வரை பெற்றோர் கணக்கிலேயே இருக்கட்டும். ஆனால் 18 வயதில் புதிய கல்லூரி தொடங்குமுன் எல்சிடபிள்யூ முடிவைக் கையில் வைத்திருக்கட்டும். அதை நழுவவிடுவதுதான் பெரிய இழப்பு.

பிப் இல்லையென்றால் இவை எதுவுமே இல்லை. கூடுதல் தொகை, கேரர் தொகை, மாணவர் விலக்கு எல்லாம் சேர்ந்து சரியும். பிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் கடிதம் வந்ததும் 28 நாளுக்குள் தொலைபேசியில் கோர வேண்டும். தவறினால் டிஎல்ஏ நிறுத்திவைக்கப்படும். படிவத்தை அனுப்ப ஒரு மாதம். டிஎல்ஏ பிள்ளையை அதே வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டது; பிப் 12 செயல்களுக்குப் புள்ளி போடுகிறது. ஒரு பகுதியில் 8 புள்ளி சாதாரண விகிதம், 12 உயர் விகிதம். பழைய டிஎல்ஏ விடைகளை நகலெடுத்து எழுதினால் புள்ளி விழாது. "சமைப்பான்" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா, பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் முடிகிறதா என்று எழுதுங்கள். அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதும் உதவிதான், அதற்கும் புள்ளி உண்டு. மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை, அதன்பின் டிரைபியூனல் (மேல்முறையீட்டு மன்றம்).

வாணி:
இரண்டு சேர்க்கிறேன். ஸ்காட்லாந்தில் பிப் இல்லை, அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட். டிஎல்ஏவுக்குப் பதிலாக அங்கே பிள்ளைகளுக்கு வரும் மாற்றுத்திறன் தொகை 18 வரை தொடரலாம். அண்மையில் நாட்டுக்கு வந்த குடும்பங்கள் கவனியுங்கள்: 16 வயதிலிருந்து பிப்புக்குப் பொதுவாகக் கடந்த 156 வாரங்களில் 104 வாரம் இங்கே இருந்திருக்க வேண்டும், அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அது இல்லை. விசாவில் அரசு உதவித்தொகைத் தடை இருந்தால் பிப்பையும் யூனிவர்சல் கிரெடிட்டையும் தொடாமல் முதலில் குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்.

கணக்கர்:
நல்லது வாணி அக்கா. 2011 ஜனவரி 2 வரை பிறந்த பிள்ளைகளுக்கு சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் (குழந்தைக்கான நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) இருக்கலாம். 18இல் அது பிள்ளையின் சேமிப்பாகிறது. மொத்தச் சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் பிள்ளையின் யூனிவர்சல் கிரெடிட் குறையும், 16,000 தாண்டினால் கிடைக்காது. பிள்ளை பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாவிட்டால், டிடபிள்யூபி (உதவித்தொகைத் துறை) தொகைகளை வாங்க அப்பாயின்டி (பிள்ளை சார்பில் பெறுபவர்) ஆக இருப்பது மட்டும் இந்த நிதிக்குப் போதாது. பொதுவாகக் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் (முடிவெடுக்க இயலாதோருக்கான நீதிமன்றம்) உத்தரவு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை 17 வயதிலேயே தொடங்குங்கள்.