ஸ்மூத்தனிங் முடியை ஒரேயடியாக வெட்டுவதா, வளரவிட்டுக் குறைப்பதா?

தாம்பரம்_சுருள்:
கல்லூரிக் காலத்திலிருந்து வருடம் தவறாமல் பார்லரில் ஸ்மூத்தனிங் (ரசாயனம் பூசிச் சுருட்டையை நேராக்குவது) செய்துவந்தேன். இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். இப்போது உச்சியிலிருந்து காது வரை என் சொந்தச் சுருட்டை, அதற்குக் கீழே இடுப்பு வரை பழைய நேர்முடி. இரண்டும் சேரும் இடத்தில் சீப்பு பட்டாலே ஒடிகிறது. தரையில் கிடப்பதை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வேரில்லாத துண்டுகள். தையில் தம்பி கல்யாணம். நேர்முடியை மொத்தமாக வெட்டிவிடலாமா, வளர வளர நுனியைக் குறைத்துக்கொண்டே வரலாமா?

கழுத்தளவு:
வெட்டிவிடுங்கள். தினமும் ஒடிகிற நீளத்தைக் கட்டிக் காப்பாற்றி என்ன பயன்? நான் வெட்டிய அன்று சாயங்காலமே சுருள் எழும்பி நின்றது. கீழே தொங்கிய நேர்முடியின் கனம்தான் அதுவரை மேல்முடியை இழுத்துப் பிடித்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் கிரீமை விடும்போது காலங்காலமாகச் செய்வது இதுதான், ‘பிக் சாப்’ என்று அதற்குப் பெயரே உண்டு.

மதுரைக்காரி:
அவர்களிலும் வெட்டாமல் பொறுமையாக வளரவிட்டு மாறுகிறவர்கள் ஏராளம், அதையும் சொல்லுங்கள். முடி வருடத்துக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் வளரும். சுருட்டை காய்ந்ததும் சுருங்கிவிடுவதால் அந்த வளர்ச்சியும் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். காதளவில் வெட்டினால் ஒழுங்காகப் பின்னல் போட இரண்டு வருடமாவது ஆகும். கல்யாண வீட்டில் பெரியம்மா, அத்தை எல்லோரும் “என்னடி, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்பார்கள். தாங்குகிறவர்கள் தாராளமாக வெட்டட்டும். எல்லோருக்கும் அந்தத் தெம்பு இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒடிவதைக் குறைக்க வழி இருக்கிறது. காய்ந்த தலையில் சீப்பே வைக்காதீர்கள். குளிக்கும்போது கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முடியை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுருட்டையும் நேர்முடியும் சேரும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அப்படிப் பிடித்தால் இழுப்பு அந்த இடத்துக்குப் போகாது. முக்கால்வாசி காய்ந்ததும் தளர்வாக நாலைந்து பின்னல் போட்டுத் தூங்குங்கள். காலையில் அவிழ்த்தால் மேலும் கீழும் ஒரே அலையாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை ஓர் அங்குலம் வெட்டினால் போதும்.

செம்பருத்தி_எண்ணெய்:
வெட்டவே வேண்டாமே! செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தடவி, சீயக்காய் தேய்த்துக் குளித்துவந்தால் நேர்முடி தானாகச் சுருட்டைக்குத் திரும்பும்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
திரும்பாது. இதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தில் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சுருளின் வடிவம் நிலைப்பதில் இந்த டைசல்ஃபைடு பிணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ரீபாண்டிங்கில் தயோகிளைகோலேட் என்ற ரசாயனத்தைப் பூசி அந்தப் பிணைப்பை உடைத்து, முடியை நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரால் அந்த நேரான நிலையிலேயே மறுபடி பிணைத்துவிடுகிறார்கள். ஸ்மூத்தனிங் என்ற பெயரிலும் பல பார்லர்களில் இதுதான் நடக்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, அது தன்னைச் சரிசெய்துகொள்ளாது. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு உண்டு. அதைக் கொண்டு சுருள் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆனால் கெரட்டின் ட்ரீட்மென்ட் (முடியைத் தற்காலிகமாக நேராக்கும் இன்னொரு பார்லர் முறை) மட்டும் செய்தவர்கள் அவசரப்பட்டுக் கத்தரியை எடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் கழுவக் கழுவக் குறைந்துவிடும். என்ன பூசினார்கள் என்று பார்லரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நேர்முடி_போதும்:
எதற்கு நிறுத்த வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. வேர்ப்பகுதிக்கு மட்டும் டச்-அப் செய்தால் இந்தப் பாடே இல்லையே. காலையில் பத்து நிமிடத்தில் கிளம்ப முடிகிறது. சுருட்டை என்றால் சென்னைப் புழுக்கத்தில் மதியத்துக்குள் பம்மென்று நிற்கும்.

கழுத்தளவு:
உடம்புக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடம் கவனித்திருக்கிறார்கள். 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, முடியை நேராக்கும் பொருள்களைத் தொடாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி போட்டவர்களுக்கு 4.05 சதவீதம்.

நேர்முடி_போதும்:
அந்த ஆய்வில் ‘அடிக்கடி’ என்றால் வருடத்துக்கு நாலு முறைக்கு மேல். நான் வருடத்துக்கு ஒருமுறைதான். என்ன ரசாயனம், எந்த பிராண்ட் என்ற தகவலையும் அவர்கள் சேகரிக்கவில்லை. அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
நீங்கள் சொல்வது சரி. அந்த ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் சில நேராக்கும் கலவைகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் சந்தேகமில்லை. அயர்ன் வைக்கும்போது புகை வந்து கண் எரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாள் முழுக்க அந்த அறையில் நின்று வேலை செய்யும் பார்லர் பெண்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை.

தாம்பரம்_சுருள்:
பார்லரில் கேட்டேன், ரீபாண்டிங் கிரீம்தானாம். அப்படியென்றால் திரும்பாது. கல்யாணம் வரை மதுரை அக்கா சொன்னபடி பின்னல் போட்டுச் சமாளிக்கிறேன். அப்புறம் தோளளவுக்கு வெட்டலாம் என்றிருக்கிறேன்.

கழுத்தளவு:
தோளளவில் வெட்டினாலும் ஒடிகிற இடம் தலையிலேயேதானே இருக்கும்? என் பேச்சு அதேதான், காதளவில் வெட்டுங்கள்.

மதுரைக்காரி:
அவர் தலை, அவர் முடிவு. தோளளவில் கனம் குறைந்தாலே ஒடிவது எவ்வளவோ குறையும். வெட்டப் போகும்போது தலையை நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தங்கச்சி. ஈரத்தில்தான் சுருட்டை எதுவரை வந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். பிடரியில் ஓரளவும் முன்பக்கம் வேறளவுமாக இருக்கும், ஒரே நேர்கோட்டில் வெட்ட விடாதீர்கள்.