மக சூச்சோவ்ல முழுகாம இருக்கா, அங்கயே பிரசவம் பாக்கலாமா இல்ல இங்க கூட்டியாந்துடவா?

சிப்புட்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், பசியாறிட்டீங்களா. நான் சுங்கை சிப்புட்டு, தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப டவுனுக்கு வெளிய தாமான்ல இருக்கோம், வீட்டுக்காரரு செம்பனை லோரி ஓட்டிகிட்டு இருந்து போன வருசந்தான் நின்னாரு. ஒரே மக. கூலிம்ல ஃபேக்டரியில இஞ்சினியரா இருந்தவள கம்பெனி சீனாவுல சூச்சோவ்ங்கிற ஊருக்கு அனுப்புச்சு, அங்க பழக்கமான அமெரிக்கக்காரப் பையனையே கட்டிகிட்டா, கல்யாணம் இங்க நம்ம கோயில்லதான் நடந்துச்சு. மாப்பிள்ளை ஓஹையோ மாநிலம், அங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல வாத்தியாரு, நல்ல புள்ள, போன் எடுத்தா மொதல்ல “அத்த சாப்டீங்களா”ன்னுதான் கேப்பாரு.

இப்ப மகளுக்கு 22 வாரம். அங்கயே பெத்துக்கலாம்னு அவ சொல்றா, வேலைய விட்டுட்டு வர முடியாதாம், மாப்பிள்ளைக்கும் ஸ்கூல் இருக்கு. எனக்குத்தான் மனசு ஒரு நிலையில இல்ல. ஸ்கேன் எடுத்தாங்களே ஆணா பொண்ணான்னு கேட்டா டாக்டரு சொல்ல மாட்டேன்னுட்டாராம், ஏதாச்சும் மறைக்கிறாங்களோன்னு ஒரு பயம். நான் போய் பாத்துக்கலாம்னா விசா இல்லாம 30 நாள்தான்ங்கிறாங்க, 30 நாள்ல என்னத்த பிரசவம் பாக்குறது, வலி எடுக்கிறதுக்கு முன்னாடி பத்து நாளு, அப்புறம் பத்தியம் 40 நாளாச்சும் வேணாமா. புள்ள அங்க பொறந்தா எந்த நாட்டுப் புள்ளன்னும் தெரியல, அப்பா அமெரிக்கா, அம்மா மலேசியா, பொறக்கிறது சீனா.

முந்தாநாளு வீடியோல பேசுறப்ப திடீர்னு கேக்குறா, “மா, நம்ம பழைய தோட்டத்துல ஆயாக் கொட்டா (வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) பக்கத்துல ஒரு மாமரம் இருக்குமே, அது இன்னும் இருக்கா”ன்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் நின்னு போச்சு, அவ மொகம் மட்டும் அப்படியே திரையில நிக்குது. அன்னிக்கி ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.


ஈப்போ_மணி:

அக்கா, என்னைக் கேட்டா இங்க கூட்டியாந்துடுங்க, காரணம் ஒண்ணுதான், குடியுரிமை. மலேசியாவுல பொறந்து அம்மா அப்பாவுல ஒருத்தரு பொறக்குறப்ப குடிமகனா இருந்தா புள்ள தானா மலேசியக் குடிமகன். வெளிநாட்டுல பொறந்தாதான் சிக்கல், பழைய சட்டத்துல அப்பா மலேசியரா இருந்தாதான் தானா வரும், அம்மா மட்டும் மலேசியருன்னா விண்ணப்பம் போட்டுட்டு வருசக்கணக்குல காத்திருக்கணும். எத்தன தாய்மாருங்க கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 2021ல ஹைகோர்ட்டு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, மறு வருசம் அப்பீல் கோர்ட்டு அத மாத்திடுச்சு. அப்புறம் 2024 அக்டோபர்லதான் மக்களவையில அரசியலமைப்புத் திருத்தம் பாஸாச்சு, அம்மாவும் குடியுரிமை கொடுக்கலாம்னு. ஆனா அது அமலாகுற தேதிக்கு அப்புறம் பொறக்குற புள்ளைங்களுக்குத்தான், அதனால மகளோட தேதியச் சொல்லி ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) நேரா கேட்டுக்குங்க, ஃபேஸ்புக்ல சொல்றத நம்பி இருக்காதீங்க. அங்கதான் பெத்துக்கணும்னா ஒரு வருசத்துக்குள்ள ஷங்ஹாய்ல இருக்கிற நம்ம கான்சுலேட்ல பதிஞ்சே ஆகணும், இத மறந்துட்டு அப்புறம் அழுத குடும்பத்த நானே பாத்திருக்கேன்.


தங்கம்_கோலகங்சார்:

ஆன்ட்டி பயப்படாதீங்க, நான் ஷங்ஹாய்ல நாலு வருசம் இருந்தவ, 2019ல என் மூத்தவ அங்கதான் பொறந்தா. தெரிஞ்சத எல்லாம் சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்குங்க.

ஆணா பொண்ணான்னு சொல்லாதது எதையும் மறைக்கிறதுக்கு இல்ல, மருத்துவக் காரணம் இல்லாம சொல்லக் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, தமிழ்நாட்டுலயும் அப்படித்தானே, பொண்ணுன்னா கலைச்சிடுறாங்கன்னுதான். என் டாக்டரு நான் கெஞ்சினப்ப சிரிச்சுகிட்டே “ஆரோக்கியமா இருக்கு”ன்னு மட்டும் சொன்னாங்க. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில ஆரம்பத்துலயே, ஒரு மூணு மாசத்துலயே போய் ஃபைல் தொறந்துடணும், உங்க மக தொறந்துட்டாளான்னு கேளுங்க. படுக்கப் போறப்ப முன்பணம் கட்டணும், கையில ரெடியா இருக்கட்டும். நிறைய எடத்துல வீட்டுக்காரர பிரசவ ரூமுக்குள்ள விட மாட்டாங்க. அதே ஆஸ்பத்திரியில விஐபி பிரிவுன்னு தனியா இருக்கும், காசு அதிகம் ஆனா மாப்பிள்ளை கூட நிக்க விடுவாங்களான்னு அங்க கேட்டுப் பாருங்க. கம்பெனி இன்சூரன்ஸ்ல பிரசவத்துக்கு காத்திருப்பு காலம்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதையும் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

எங்க மாடியிலயே ஒரு அமெரிக்கப் பொண்ணு இருந்தா, அவளுக்கும் எனக்கும் ஒரே மாசம். பாவம் அவளுக்குத்தான் எல்லாமே புதுசு. ஐஸ் தண்ணி குடிச்சு வளந்தவ, ரோட்டுல ஐஸ் கோப்பியோட நடந்தா தெரியாத சீனப் பாட்டிங்கல்லாம் நிறுத்தி கைய ஆட்டி வேணாம் வேணாம்பாங்க, குனிஞ்சு அவ கால பாத்து சாக்ஸ் எங்கன்னு கேப்பாங்க. ஆபிஸ்ல மத்த கர்ப்பிணிங்க வயித்து மேல வெள்ளி நூல் கலந்து நெஞ்ச ஏப்ரன் ஒண்ணு போட்டிருப்பாங்க, கம்ப்யூட்டர் கதிர் படாம இருக்கணும்னு, நீ ஏன் போடலன்னு அவகிட்ட தெனமும் கேட்டிருக்காங்க. ஒரு நாளு லிஃப்டுல என் தோளப் புடிச்சுகிட்டு அழுதுட்டா, எங்கம்மா பக்கத்துல இருந்தா யாரும் இப்படி சொல்ல மாட்டாங்கன்னு. எனக்கு அந்தப் பாட்டிங்க சொன்னது எதுவும் புதுசா தெரியல, எங்க அப்பாயி லயத்துல இதத்தான சொல்லிகிட்டு இருந்துச்சு, பச்சத்தண்ணி தொடாத, காத்து படாத, தலைக்குத் துணி கட்டுன்னு. அங்க அதுக்கு “யுவேசு”ம்பாங்க, ஒரு மாசம் படுக்க வச்சுப் பாத்துக்கிறது, அதுக்குன்னே சம்பளத்துக்கு வர்ற அம்மா இருக்காங்க. எனக்கு வந்த அம்மா இஞ்சியும் கருப்புச் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வச்சு பிளாஸ்க்குல ஊத்திக் கொடுக்கும், பால் ஊறுறதுக்கு பன்னிக்கால்ல வேர்க்கடலை போட்டு சூப்பு வைக்கும். எங்கம்மா பூண்டும் மிளகும் வதக்கும், அந்தம்மா பக்கத்துல நின்னு மோந்து பாத்துட்டு தலையாட்டும், ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த பாஷை தெரியாது.

விசாவுக்கு வர்றேன். 2025 ஜூலையிலேர்ந்து நமக்கு ஒரு தடவைக்கு 30 நாள், 180 நாள்ல மொத்தம் 90 நாள். அதுக்கு மேல ஒரேயடியா தங்கணும்னா எஸ்2ன்னு விசா போடுங்க, அங்க வேல பாக்குற வெளிநாட்டுக்காரங்களோட குடும்பத்துக்குன்னு இருக்கிறது, மகளோட அழைப்புக் கடிதம், அவ பாஸ்போர்ட்டு பெர்மிட் காப்பி, அவ பொறந்த சூரா (பொறப்புச் சான்றிதழ்) எல்லாம் வேணும். போய் இறங்கினதும் 24 மணி நேரத்துக்குள்ள மகளோட வீட்டு விலாசத்துல போலீஸ் ஸ்டேசன்ல பதியணும், எங்கம்மா வந்த அன்னிக்கே கூட்டிட்டுப் போய் ஒரு சின்ன சீட்டு வாங்கி பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சேன்.

புள்ளைக்கு சீனக் குடியுரிமை வராது, அப்பா அம்மா ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரங்கதானே. அமெரிக்கா அப்பா வழியா வரும், ஆனா மாப்பிள்ளை அமெரிக்காவுல மொத்தம் அஞ்சு வருசம் இருந்திருக்கணும், அதுல ரெண்டு வருசம் 14 வயசுக்கு மேல, அத நிரூபிக்க ஸ்கூல் காலேஜ் பேப்பரு கேப்பாங்க, அவங்கம்மாவ இப்பவே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்க. ஷங்ஹாய்ல அமெரிக்க கான்சுலேட்ல பொறப்பப் பதிஞ்சு பாஸ்போர்ட்டு எடுத்து, அப்புறம் சூச்சோவ்ல குடிநுழைவுல புள்ளையப் பதியணும், இது அம்புட்டும் பொறந்து 60 நாளுக்குள்ள, பத்தியத்துல படுத்திருக்கிற நேரத்துலயே.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பேரு. நம்ம பாஸ்போர்ட்டுல ஏ/பின்னு (இன்னாரோட மகள்ங்கிறதுக்கு) இருக்கே, அந்த நடுக்கோட்ட ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எடுக்கல, ஒரு பேப்பர்ல கோடு இல்லாம வந்துச்சு, இன்னொண்ணுல என் அப்பா பேரு என் குடும்பப் பேருன்னு வந்துச்சு. மூணு தடவ நடந்தேன், கைப்புள்ளையோட, தையல் கூட ஆறல. பொறப்புச் சான்றிதழ் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்தா பாஸ்போர்ட்ட வச்சு சரி பாக்கச் சொல்லுங்க.


ரிட்டையர்_மிஸ்ஸி:

தங்கம் சொன்னது எல்லாம் சரிதாம்மா. நான் 31 வருசம் அரசாங்க கிளினிக்ல தாய்சேய் பிரிவுல இருந்தவ, யாரும் கேக்காத ஒண்ண கேக்குறேன், மகளோட ரத்த வகை என்ன? ஏ, பி, ஓ இல்ல, பாசிடிவ்வா நெகடிவ்வா? நம்ம இந்தியருல 100ல அஞ்சு பேருக்கு மாதிரி நெகடிவ் இருக்கும், சீனருல 100க்கு ஒருத்தருக்குக் கூட இல்ல, அதனால அங்க ரத்த வங்கியில அது கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். சிசேரியனும் அங்க ஜாஸ்தி, 2014 கணக்குல 100 பிரசவத்துக்கு கிட்டத்தட்ட 35. ரத்தம் தேவப்படுற நேரத்துல தேடிகிட்டு நிக்க முடியாது. மருந்து, பத்தியம்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல இதக் கேளுங்க.


சிப்புட்_அம்மா:

மிஸ்ஸிம்மா, நீங்க கேட்டதும் எனக்கு ஞாபகம் இல்ல, அலமாரியில பழைய ஃபைல் எல்லாம் கொட்டித் தேடினேன். காலேஜ்ல ரத்த தானம் பண்ணின சின்ன செவப்பு புக்கு கெடச்சுச்சு, பி நெகடிவ்னு போட்டிருக்கு. கை ஆடிப்போச்சு. உடனே அவளுக்கு அடிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, அப்புறம் சொல்றா, “மா, மொத செக்கப்லயே சொல்லிட்டாங்க, இங்க இதுக்கு பாண்டா ரத்தம்னு பேரு, நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல”ன்னு. மாப்பிள்ளை பாசிடிவ். எம்புள்ள இத்தன வாரமா இத மனசுலயே வச்சுகிட்டு என்கிட்ட மாங்கா மரத்தப் பத்திக் கேட்டிருக்கா.


ரிட்டையர்_மிஸ்ஸி:

அழாதீங்கம்மா, தெரிஞ்சது நல்லதாப் போச்சு. மொதப் புள்ளைக்கு பெரும்பாலும் ஆபத்து இல்ல, அம்மா நெகடிவ் புள்ள பாசிடிவ்னா புள்ள ரத்தம் அம்மா உடம்புல கலந்து அடுத்த புள்ளைக்குத்தான் கெடுதல் பண்ணும், அதத் தடுக்கத்தான் ஆன்ட்டி-டி ஊசி. 28 வாரத்துல ஒண்ணு, பெத்து 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. நம்ம நாட்டுல இது சாதாரணம், அங்க இந்த ஊசி சுலபத்துல கிடைக்காது. அதுக்குத்தான் சொல்றேன், 28க்கு முன்னாடி கூட்டியாந்துடுங்க. 28 வாரத்துக்கு மேல ஏர்லைன்ல டாக்டரு லெட்டரு கேப்பாங்க, 35, 36 ஆச்சுன்னா பெரும்பாலும் ஏத்த மாட்டாங்க. வர்றப்ப அங்க எடுத்த ரிப்போர்ட்டு, ஸ்கேன் எல்லாத்தையும் மொழிபெயர்த்து வாங்கிட்டு வரட்டும், அப்பதான் இங்க கிளினிக்ல பதிஞ்சு கர்ப்ப புக்கு போடுறப்ப ஒண்ணும் விட்டுப் போகாது.


ஈப்போ_மணி:

அக்கா, அப்ப புள்ள இங்க பொறந்தா ஜேபிஎன்ல நேரா பதிஞ்சிடலாம். மாப்பிள்ளை கேஎல்ல இருக்கிற அமெரிக்கத் தூதரகத்துலயும் பதியலாம், அந்த அஞ்சு வருசக் கணக்கு எங்க பொறந்தாலும் ஒண்ணுதான்.


தங்கம்_கோலகங்சார்:

ஆன்ட்டி, அவ வர்ற வரைக்கும் வீசாட் போட்டுக்குங்க, அங்க வாட்ஸ்அப் தடை, அந்தத் தடையத் தாண்டப் போடுற விபிஎன் விட்டு விட்டுத்தான் வரும், அதான் லைன் நிக்குது. நான் அடுத்த வாரம் சிப்புட் பக்கம் வர்றேன், வந்து போட்டுத் தரேன், போன் நம்பர இங்க போடாதீங்க, எனக்கு தனி மெசேஜ் அனுப்புங்க.


சிப்புட்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பேசி முடிவு பண்ணியாச்சு. 26 முடிஞ்சதும் மக வர்றா, கம்பெனி இங்கிருந்தே கொஞ்ச நாளு வேல பாக்க விட்டுடுச்சு, மாப்பிள்ளை ஸ்கூல் லீவு விட்டதும் வந்துடுவாரு, அவரே சொல்லிட்டாரு ஊசிதான் முக்கியம்னு. மிஸ்ஸிம்மா சொன்ன மாதிரி கிளினிக்ல போய் பேசிட்டேன், வந்ததும் மொத வாரமே புக்கு போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம். சுக்கும் மிளகும் காய வைக்க ஆரம்பிச்சிட்டேன், மழையா இருக்கு, முறத்த உள்ளயும் வெளியவுமா தூக்கிகிட்டு இருக்கேன்.

வீட்டுக்காரரு நேத்து சாயங்காலம் மோட்டோ எடுத்துகிட்டு பழைய தோட்டத்துக்குப் போயிட்டு வந்தாரு. ஆயாக் கொட்டா இல்லயாம், ஓடெல்லாம் பிரிச்சிட்டாங்களாம், சிமெண்டுத் தரை மட்டும் கெடக்கு. மரம் இருக்கு. பூ விட்டிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு வந்தாரு, மகளுக்கு அனுப்பிட்டேன்.