பக்கத்து சீட் அக்காவை எப்படிச் சமாளிப்பது?

கிண்டியில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். பக்கத்து சீட் அக்காவுக்கு எல்லோரும் எப்போதும் தன்னையே கவனிக்க வேண்டும். பொங்கல் லீவுக்கு அப்புறம் ரொம்ப அதிகமாகிவிட்டது. தலைவலி, மாமியாரோடு சண்டை, ரயில் கூட்டம் என்று வந்ததும் ஆரம்பித்துவிடுவார். திரும்பிப் பார்க்காவிட்டால் பெருமூச்சு, பிறகு அழுகை. சார் வேறு யாரையாவது பாராட்டினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

மாதாமாதம் தாக்கல் செய்யும் கிளையண்டுகளுக்கு 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-க்குள் 3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்) போட்டாக வேண்டும். தவறினால் அவர்களுக்கு லேட் ஃபீஸ். அந்த நாட்களில்தான் எனக்குக் கவனம் சிதறித் தப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஹெட்போன் போட்டால் தோளைத் தட்டிக் கூப்பிடுகிறார். "வேலை முடிச்சுட்டுப் பேசலாம்க்கா" என்று தன்மையாகத்தான் சொன்னேன். நான் ஒதுக்குவதாக ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார். சீட் மாற்றக் கேட்டால், இடமில்லை, அனுசரித்துப் போ என்கிறார் சார்.

அக்கா கெட்டவர் இல்லை. வீட்டில் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறேன். அதனால் கடுமையாகப் பேச மனம் வரவில்லை.

இப்படி ஒருவரோடு வேலை பார்த்தவர்கள், அவர் மனம் நோகாமல் பேச்சை நிறுத்த என்ன சொன்னீர்கள்?